பழைய ஐந்து லைன் கீ டெலிபோன்: ரிசீவரை வைத்தாலே ஹோல்டுக்குப் போகிறது, ஏன்?

திருப்புளி

வணக்கம். என்னிடம் 1ஏ2 வகை கீ டெலிபோன்கள் (பொத்தானால் லைனைத் தேர்ந்தெடுக்கும் பழைய அலுவலக போன்கள்) சில இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஆறு பொத்தான்கள்: ஓரத்தில் சிவப்பு ஹோல்டு, அதை அடுத்து ஐந்து லைன். பின்பக்கம் விரல் தடிமனில் 25 ஜோடி கேபிள், முனையில் 50 பின் கனெக்டர். இவற்றை இயக்கும் சுவர்ப்பெட்டியும் லைன் அட்டைகளும் கிடைக்கவில்லை. அதனால் அவற்றின் வேலையைச் செய்ய ஒரு மைக்ரோகண்ட்ரோலர், லைனுக்கு இரண்டு ரிலே, சில ஆப்டோகப்ளர் (ஒளி வழியாகச் சிக்னலைக் கடத்தும் பாகம்) என்று நானே ஒரு பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன். வெளி லைன்கள் பொது எக்ஸ்சேஞ்சில் இருந்து வருபவை அல்ல. ஒரு விஓஐபி கேட்வேயின் (இணையவழி அழைப்பைச் சாதாரண போன் லைனாக மாற்றும் பெட்டி) அனலாக் போர்ட்டுகள்தான், எனவே விதிமீறல் எதுவும் இல்லை.

என் லாஜிக் இது. ஏ-லீட் (ஒவ்வொரு லைனுக்கும் போனில் இருந்து வரும் தனிச் சைகைக் கம்பி) மூடியிருந்தால் லைனில் ஆள் இருக்கிறார், விளக்கு நிலையாக எரியும். ஏ-லீட் திறந்த நொடியில் லூப் கரண்ட் (பேச்சு ஜோடியில் ஓடும் மின்சாரம்) இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் ஹோல்டு: 470 ஓம் ரெசிஸ்டரை லைனின் குறுக்கே போட வேண்டும். ஏ-லீட் திறக்கும்போது கரண்ட் இல்லையென்றால் பேசி முடித்துவிட்டார், லைனை விட்டுவிடலாம்.

ரிசீவரை எடுப்பது, பேசுவது, ஹோல்டு, மறுபடி எடுப்பது எல்லாம் சரியாக வேலை செய்கின்றன. ஆனால் பேசி முடித்து ரிசீவரை வைத்தால் பத்துக்கு எட்டு தடவை லைன் ஹோல்டுக்குப் போய்விடுகிறது. மெதுவாக வைத்தாலும் அப்படித்தான், டொக்கென்று வைத்தாலும் அப்படித்தான். எங்கே தேடுவது?

மௌனவாசகன்

பதில் தெரியாது, ஒரு கேள்வி மட்டும். ஏ-லீட் என்ற தனிக் கம்பி எதற்கு? லூப் கரண்ட் இருந்தால் ஆள் பேசுகிறார், இல்லையென்றால் இல்லை. இந்த இரண்டே போதாதா?

ரிலேராணி

மௌனவாசகன் கேட்டதில் இருந்து தொடங்கினால் திருப்புளியின் சிக்கலும் விளங்கிவிடும்.

ஒரே லைன் நான்கு மேசைகளில் இருக்கிறது என்று வையுங்கள். நான்கு போனும் அந்த லைனில் பக்கவாட்டாக இணைந்திருக்கின்றன. எக்ஸ்சேஞ்சுக்கு இது எதுவும் தெரியாது. அதற்குத் தெரிவதெல்லாம் லூப் மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பது மட்டும்தான். இப்போது லைன் ஹோல்டில் இருக்கிறது. ரெசிஸ்டர் வழியாக 20 மில்லி ஆம்பியர் சொச்சம் கரண்ட் ஓடுகிறது. அடுத்த மேசைக்காரர் அந்த லைன் பொத்தானை அழுத்தி எடுக்கிறார். ரெசிஸ்டரோடு போனும் சேர்ந்துகொள்ள, மொத்தக் கரண்ட் கொஞ்சம் மாறும், அல்லது மாறவே மாறாது. உங்கள் கேட்வே போர்ட் கரண்டை ஒரே அளவில் வைத்திருக்கும் வகையென்றால் அம்மீட்டர் முள் அசையாது. அப்படியானால் ஹோல்டை எடுத்துவிட வேண்டும் என்று பெட்டிக்கு யார் சொல்வது?

ரோட்டரி டயல் இன்னொரு சிக்கல். நொடிக்கு 10 துடிப்பு, ஒவ்வொரு துடிப்பிலும் சுமார் 60 மில்லிசெகண்ட் லூப் அறுபடுகிறது. லூப் கரண்டை மட்டும் நம்பினால், ஒன்பது என்று டயல் செய்தவர் ஒன்பது தடவை போனை வைத்து எடுத்ததாகப் பெட்டி நினைத்துக்கொள்ளும்.

ஆகவேதான் பேச்சு ஜோடியைத் தொடாத தனிக் கம்பி. லைன் பொத்தானும் ஹூக் சுவிட்சும் (ரிசீவரை எடுத்தால் மூடும் சுவிட்ச்) மூடியிருக்கும் வரை ஏ-லீட் தரையோடு இணைந்திருக்கும். டயல் சுற்றினாலும், எதிர்முனை வைத்துவிட்டாலும், கரண்ட் ஏறி இறங்கினாலும் ஏ-லீட் அசையாது. "மனிதர் இருக்கிறார்" என்பதற்கு ஒரு கம்பி, "எக்ஸ்சேஞ்ச் என்ன பார்க்கிறது" என்பதற்கு ஒரு ஜோடி. இப்படிப் பிரித்ததில்தான் இந்த வடிவமைப்பின் புத்திசாலித்தனம் எல்லாம் இருக்கிறது.

இனி திருப்புளி. ஹோல்டு, விடுவிப்பு இரண்டிலுமே கடைசியில் லூப்பும் திறக்கும், ஏ-லீட்டும் திறக்கும். வேறுபாடு எது முதலில் என்பது மட்டும்தான். ஹோல்டு பொத்தானை அழுத்தும்போது ஏ-லீட் முதலில் அறுபடுகிறது, பேச்சு ஜோடி இன்னும் மூடியே இருக்கிறது. பொத்தானில் இருந்து விரலை எடுக்கும்போதுதான் லைன் பொத்தான் மேலே எகிறி லூப்பைத் திறக்கிறது. ரிசீவரை வைக்கும்போது இது தலைகீழ். ஹூக் சுவிட்சின் இலைகள் வளைக்கப்பட்டிருக்கும் விதத்தில் லூப் முதலில் திறக்கும், சில மில்லிசெகண்ட் கழித்து ஏ-லீட். அந்தச் சில மில்லிசெகண்ட்தான் உங்கள் பெட்டிக்குக் கிடைக்கும் முழுத் தகவலும். உங்கள் லூப் கரண்ட் உணரி அதைத் தின்றுவிடுகிறது என்று நினைக்கிறேன். அந்தப் பகுதியின் சர்க்யூட்டை எழுதுங்கள்.

திருப்புளி

அருமையான விளக்கம் அக்கா, நன்றி. லூப் உணரி: லைனில் தொடராக, இரண்டு எல்இடியும் எதிரெதிராக உள்ள ஆப்டோகப்ளர். வெளியீட்டில் 10 கிலோ ஓம் புல்-அப், அதனோடு 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். கெப்பாசிட்டர் இல்லாதபோது மணி அடிக்கும் நேரத்தில் ரிங்கிங் கரண்ட் ஆப்டோ வழியாகப் போய், யாரோ எடுத்துவிட்டதாகக் காட்டியது. அதை அடக்கத்தான் போட்டேன்.

ரிலேராணி

கண்டுபிடித்தாயிற்று. 10 கிலோ, 10 மைக்ரோ: நேர மாறிலி 100 மில்லிசெகண்ட். கரண்ட் நின்ற பிறகும் உங்கள் கண்ட்ரோலர் அவ்வளவு நேரம் "இருக்கிறது, இருக்கிறது" என்றே படித்துக்கொண்டிருக்கும். அதற்குள் ஏ-லீட் திறந்துவிடும். உடனே ஹோல்டு.

கெப்பாசிட்டரைப் போட்ட காரணம் நியாயமானதுதான். ஆனால் அந்த வடிகட்டல் ஒரு திசையில் மட்டும் தேவை. கரண்ட் இல்லாத நிலையில் இருந்து இருக்கும் நிலைக்குப் போகும்போது மெதுவாக நம்புங்கள். ரிங்கிங் 20 அல்லது 25 ஹெர்ட்ஸ் மாறுதிசை, ஆகவே ஒவ்வொரு அரைச்சுற்றின் முடிவிலும் கரண்ட் பூஜ்யத்தைத் தாண்டும். 100 மில்லிசெகண்ட் இடைவிடாமல் கரண்ட் தெரிந்தால்தான் "எடுத்தார்" என்று கொள்ளுங்கள். இருப்பதில் இருந்து இல்லாததற்குப் போகும்போது உடனே நம்புங்கள். இதை மென்பொருளிலேயே செய்துவிடலாம், கெப்பாசிட்டரைக் கழற்றிவிடுங்கள். நொடிப்பொழுது இரைச்சலை அடக்க 10 நானோஃபாரட் போதும்.

ஏ-லீட் திறந்ததும் அந்தக் கணமே முடிவெடுக்கவும் வேண்டாம். காண்டாக்ட் துள்ளல் அடங்க 10, 15 மில்லிசெகண்ட் விட்டு லூப்பைப் பாருங்கள். இருந்தால் ஹோல்டு ரிலேயை இழுங்கள். சின்ன ரிலே இழுக்க 5 முதல் 10 மில்லிசெகண்ட் ஆகும். மொத்தம் 25-ஐத் தாண்டாது. மனித விரல் பொத்தானில் அதைவிட அதிக நேரம் இருக்கும்.

மௌனவாசகன்

விரல் அதைவிட வேகமாக எடுபட்டால்?

ரிலேராணி

லூப் ஒரு சில மில்லிசெகண்ட் திறந்து மூடும். அதை எக்ஸ்சேஞ்ச் கண்டுகொள்ளாது. 60 மில்லிசெகண்ட் அளவுக்கு நீண்டால் டயல் துடிப்பு '1' என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. அதையும் தாண்டினால் ஹூக் ஃபிளாஷ், அதாவது எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட லூப்பைச் சற்றே அறுக்கும் சைகை. ஃபிளாஷின் அளவும் இடத்துக்கு இடம் மாறும். ஐரோப்பிய வழக்கில் 100 மில்லிசெகண்ட் ஒட்டியும், வட அமெரிக்க வழக்கில் அரை நொடியை ஒட்டியும் அமைப்பார்கள். கேட்வேயின் அமைப்புப் பக்கத்தில் குறைந்தபட்ச ஃபிளாஷ் நேரம் என்று ஒன்று இருக்கும், அதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் தேவையே இல்லையென்றால் அணைத்துவிடுவது நல்லது.

ஹோல்டில் இருந்து எடுக்கும்போது இன்னொரு சிறு எச்சரிக்கை. ஏ-லீட் மூடியதும் ரெசிஸ்டரை உடனே கழற்றாதீர்கள். 20, 30 மில்லிசெகண்ட் இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும். போனின் காண்டாக்ட் துள்ளினாலும் லூப் அறுபடாது.

பிட்டும்பைட்டும்

தப்பாக நினைக்காதீர்கள், ஆனால் ஏற்கெனவே விஓஐபி கேட்வே வைத்திருக்கிறார். அதே நெட்வொர்க்கில் நாலு ஐபி போன் இணைத்தால் ஹோல்டு, பொத்தான் விளக்கு, யார் எந்த லைனில் என்பது எல்லாம் கூடவே வரும். 25 ஜோடிக் கேபிளோடு மல்லுக்கட்டுவது எதற்கு?

திருப்புளி

அலுவலகம் நடத்தச் செய்யவில்லை. இந்தப் பொத்தான்களை அழுத்திப் பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டீர்கள் :)

ரிலேராணி

பிட்டும்பைட்டும் தம்பி சொல்வதிலும் பொருள் இருக்கிறது. அலுவலகத்துக்கு வேண்டுமென்றால் ஐபி போன்தான். ஆனால் அந்த "கூடவே வரும்" எப்படி வருகிறது என்று பாருங்கள். சிப் (SIP) என்ற, இணையவழி அழைப்புகளை அமைக்கும் நெறிமுறையில் ஹோல்டு என்பது ஊடக விவரத்தை மாற்றி மறுபடி ஓர் அழைப்புச் செய்தி அனுப்புவது. ஆர்எஃப்சி 3264-இல் இருக்கிறது. அடுத்த மேசையின் விளக்கு எரிய வேண்டுமென்றால், அந்தப் போன் முதலில் சந்தா கேட்டு, நிலை மாறும்போதெல்லாம் சர்வர் அறிவிப்பு அனுப்ப வேண்டும், ஆர்எஃப்சி 4235. ஒரே லைனைப் பலர் பகிர்ந்துகொள்ள ஆர்எஃப்சி 7463. ஏ-லீட் என்ற ஒற்றைக் கம்பி சொன்ன சேதியைத்தான் இவை எல்லாம் சேர்ந்து சொல்கின்றன. ஒருவர் ஹோல்டில் வைத்து இன்னொருவர் அதே கணத்தில் எடுத்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்குக் கம்பியில் விடை இயல்பாகவே இருக்கிறது: ஏ-லீட் யாரோ ஒருவரால் மூடப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். செய்தி அனுப்பும் முறையில் அதற்கும் விதி எழுத வேண்டியிருக்கிறது.

பிட்டும்பைட்டும்

அது சரி. ஆனால் கம்பியில் ரகசியம் கிடையாதே. நான் பேசும் லைன் பொத்தானை யார் அழுத்தினாலும் உள்ளே வந்துவிடலாம்.

ரிலேராணி

ஆமாம், இயல்பு நிலையில் கிடையாது. விளக்கு எரிந்தால் அந்தப் பொத்தானைத் தொடாதே என்பது அலுவலக ஒழுக்கம்தான், சர்க்யூட் தடுக்காது.

செப்புச்சுருள்

இழை நல்ல திசையில் போகிறது. கேபிள் வேலை பார்த்தவன் என்ற முறையில் இடையில் ஒரு கேள்வி. திருப்புளி, 25 ஜோடியையும் எப்படிப் பிரித்தீர்கள்? ஜோடி வரிசையை மட்டும் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள். புதியவர்கள் பலர் ஐந்து ஐந்தாகப் பிரித்து ஒரு நிறக் கட்டுக்கு ஒரு லைன் என்று கொடுத்துவிடுவார்கள். இந்தப் போன்களில் அப்படி இல்லை.

முதல் நிறம் வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா. இரண்டாம் நிறம் நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல். லைன் ஒன்றுக்கு மூன்று ஜோடி: பேச்சு, ஏ-லீட்டும் அதன் தரையும், விளக்கும் அதன் தரையும். எனவே முதல் லைன் வெள்ளை-நீலம், வெள்ளை-ஆரஞ்சு, வெள்ளை-பச்சை. இரண்டாம் லைனின் பேச்சு வெள்ளை-பழுப்பு, ஏ-லீட் வெள்ளை-சாம்பல், விளக்கு சிவப்புக்குத் தாவி சிவப்பு-நீலம். மூன்றாம் லைன் சிவப்பு-ஆரஞ்சில் தொடங்கி சிவப்பு-பழுப்பில் முடியும். நான்காவது சிவப்பு-சாம்பலில் தொடங்கும். ஐந்தாவதின் விளக்கு கறுப்பு-சாம்பலில் முடிய, 15 ஜோடி தீர்ந்தது. மஞ்சளும் ஊதாவும் மணி, பஸ்ஸர், இன்டர்காம், உதிரி.

திருப்புளி

வரிசை சரிதான் அண்ணா, அப்படித்தான் கொடுத்திருக்கிறேன்.

அக்காவுக்கு: கெப்பாசிட்டரைக் கழற்றி, மென்பொருளில் ஒருதிசை வடிகட்டல் எழுதினேன். சிக்கல் போயே போய்விட்டது. ரிசீவரை எப்படி வைத்தாலும் லைன் விடுபடுகிறது, ஹோல்டு அழுத்தினால் மட்டும் ஹோல்டு. மிக்க நன்றி.

இப்போது அடுத்தது. நான்காம் லைனில் மட்டும் உறுமல். தொடர்ந்து இல்லை, வருகிறது போகிறது. மற்ற லைன்கள் சுத்தமாக இருக்கின்றன. அண்மையில் போன்களை அடுத்த அறைக்கு மாற்ற 40 மீட்டர் 25 ஜோடிக் கேபிள் நீட்டினேன், இரு முனையிலும் க்ரோன் பிளாக் (கம்பிகளைச் செருகி இணைக்கும் கட்டை). கன்டினியுட்டி டெஸ்டரில் 50 கம்பியும் சரி என்று வருகிறது.

செப்புச்சுருள்

வருகிறது போகிறது என்றால் எதோடு சேர்ந்து? மூன்றாம் லைன் விளக்கு எரியும்போதா என்று பாருங்கள்.

திருப்புளி

அண்ணா, எப்படிச் சொன்னீர்கள்! மூன்றாம் லைன் எரிந்தால் நான்கில் உறுமல். மூன்றில் அழைப்பு வந்து விளக்கு சிமிட்டினால் உறுமலும் அதே தாளத்தில் வருகிறது.

செப்புச்சுருள்

மந்திரம் இல்லை. ஜோடி பிளந்திருக்கிறது.

மூன்றாம் லைனின் விளக்கு சிவப்பு-பழுப்பு, ஒன்பதாம் ஜோடி. நான்காம் லைனின் பேச்சு சிவப்பு-சாம்பல், பத்தாம் ஜோடி. இரண்டிலும் ஒரு கம்பி சிவப்பு. ஒன்றில் பழுப்பு வளையம், மற்றதில் சாம்பல் வளையம். ஜோடியின் முறுக்கைப் பிளாக் வரைக்கும் கொண்டுவராமல், எல்லாவற்றையும் முன்கூட்டியே பிரித்து விரித்துவிட்டு, மங்கல் வெளிச்சத்தில் செருகினால் இந்த இரண்டு சிவப்பும் இடம் மாறுவது மிகச் சுலபம். ஒரே கையால் ஒரே வெளிச்சத்தில் இரு முனையையும் செருகினால் இரு முனையிலும் ஒரே மாதிரி மாறும். டெஸ்டருக்கு என்ன தெரியும்? 19-ஆம் முள்ளில் இருந்து 19-ஆம் முள்ளுக்குக் கம்பி இருக்கிறது, சரி என்று பச்சை காட்டும். கம்பி யாரோடு முறுக்கப்பட்டிருக்கிறது என்று அது கேட்பதில்லை.

இப்போது நான்காம் லைனின் பேச்சுக் கம்பிகளில் ஒன்று 40 மீட்டருக்கும் விளக்கின் பழுப்புக் கம்பியோடு பின்னிக்கொண்டு போகிறது. அதில் 10 வோல்ட் மாறுதிசை. முறுக்கிய ஜோடி தூய்மையாக இருப்பதற்குக் காரணம், வெளியில் இருந்து வரும் தூண்டல் இரு கம்பியிலும் சமமாக விழுந்து, வேறுபாட்டை மட்டும் கேட்கும் போனில் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதுதான். பிளந்த ஜோடியில் அந்தச் சமம் போய்விட்டது. ஒரு கம்பி விளக்கோடு ஒட்டி உறவாடுகிறது, மற்றது விளக்கின் தரையோடு.

திறந்து பார்க்காமல் உறுதி செய்ய வேண்டுமென்றால்: இரு முனையிலும் எல்லா இணைப்பையும் எடுத்துவிட்டு, நானோஃபாரட் அளக்கும் மல்டிமீட்டரால் ஒவ்வொரு ஜோடியின் இரு கம்பிக்கும் இடையே கெப்பாசிட்டன்ஸ் பாருங்கள். கிலோமீட்டருக்கு 50 நானோஃபாரட் சுற்றி உள்ள கேபிளில் 40 மீட்டருக்கு சுமார் 2 நானோஃபாரட் வரும். நல்ல ஜோடிகள் எல்லாம் ஒரே அளவு காட்டும். பிளந்தவை இரண்டும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறைவாகக் காட்டும். எண் முக்கியமில்லை, மற்றவற்றோடு ஒப்பிட்டால் போதும்.

பிட்டும்பைட்டும்

விளக்கை டிசிக்கு மாற்றிவிட்டால்? 10 வோல்ட் ஏசி எதற்கு என்று முதலில் இருந்தே யோசித்துக்கொண்டிருந்தேன்.

ரிலேராணி

டிரான்ஸ்ஃபார்மரில் இருந்து நேராக எடுத்து விளக்குக்குக் கொடுத்துவிடலாம் என்பதுதான் வசதி. இழை விளக்குக்கு ஏசியா டிசியா என்ற கவலை இல்லை. பல மேசை, பல லைன், எல்லாம் ஒரே நேரத்தில் எரியக்கூடிய அமைப்பில் அவ்வளவையும் டிசியாக்கி வடிகட்டுவது அந்தக் காலத்தில் வீண் செலவு. வடிகட்டிய 24 வோல்ட் டிசி பேச்சுக்கு, அவ்வளவாக வடிகட்டாத 24 வோல்ட் ரிலேக்களுக்கு, 10 வோல்ட் ஏசி விளக்குக்கு, 18 வோல்ட் ஏசி பஸ்ஸருக்கு என்று மின்வழங்கியே தனித்தனிக் கிளைகளாக இருக்கும். சுத்தமான மின்சாரம் எங்கே தேவையோ அங்கே மட்டும்.

டிசிக்கு மாற்றினால் உறுமல் போகும். சிமிட்டும்போது ஒவ்வொரு தடவையும் டிக், டிக் என்று கேட்கும். ஜோடியைச் சரிசெய்வதுதான் வைத்தியம்.

திருப்புளி

கெப்பாசிட்டன்ஸ் அளந்தேன். 9-ம் 10-ம் மட்டும் மற்றவற்றைவிட நன்றாகக் குறைவு. இரு முனையிலும் அந்த இரண்டு சிவப்பையும் மாற்றிச் செருகினேன். உறுமல் இல்லை. ஊதாவும் சாம்பலும்கூட மஞ்சள் விளக்கில் ஒன்று போலவே தெரிகின்றன, அந்தப் பகுதியையும் ஒரு தடவை பார்த்துவிட்டேன்.

ஒரு துணைக் கேள்வி: ஒரு போனில் மட்டும் இரண்டாம் லைனில் டயல் பேட் சத்தமே வருவதில்லை. பேச்சு கேட்கிறது. மற்ற லைன்களில் அதே பேட் வேலை செய்கிறது.

செப்புச்சுருள்

டிப்பும் ரிங்கும், அதாவது பேச்சு ஜோடியின் இரு கம்பிகளும், மாறியிருக்கின்றன. பழைய டச்-டோன் பேட் சில, துருவம் மாறினால் டோன் கொடுக்காது. பின்னாளில் வந்தவற்றில் டையோடு பிரிட்ஜ் சேர்த்துவிட்டார்கள், அவற்றுக்குக் கவலை இல்லை. மற்ற போன்கள் அந்த வகையாக இருக்கும். லைன் இரண்டின் மூலத்திலேயே வெள்ளையையும் பழுப்பையும் மாற்றுங்கள். கேட்வேயில் இருந்து வரும் தட்டையான கார்டைப் பாருங்கள், அநேகமாக அதுதான் குற்றவாளி. அந்த வகைக் கார்டின் இரு முனைப் பிளக்கும் ஒரே பக்கம் பார்த்தபடி அழுத்தப்பட்டிருந்தால் தலைகீழ், எதிர்ப்பக்கம் என்றால் நேர். இன்னொன்று: ஆறு பின் பிளக்கை எட்டு பின் சாக்கெட்டில் திணிக்காதீர்கள், ஓரத்துப் பின்கள் நசுங்கும்.

மௌனவாசகன்

படிக்கப் படிக்க ஆர்வம் கூடுகிறது. ஹோல்டில் இருப்பவர் காத்திருந்து சலித்துப்போய் வைத்துவிட்டால் என்ன ஆகும்? லூப்பை ரெசிஸ்டர்தானே பிடித்துக்கொண்டிருக்கிறது?

ரிலேராணி

நல்ல கேள்வி. பதில் எக்ஸ்சேஞ்சைப் பொறுத்தது. சில எக்ஸ்சேஞ்சுகள் எதிர்முனை விடுபட்டதும் லைன் மின்சாரத்தை ஒரு நொடிக்கும் குறைவாக அறுத்துக் காட்டும். சில துருவத்தை மாற்றிக் காட்டும். சில வெறும் பிஸி டோன் மட்டும் கொடுத்துவிட்டு இருந்துவிடும். மூன்றாவது வகையில் ரெசிஸ்டர் பாட்டுக்கு லூப்பைப் பிடித்துக்கொண்டே இருக்கும். யாரும் இல்லாத லைன் நாள் முழுக்க ஹோல்டில் மினுக்கும். சிறு அலுவலக எக்ஸ்சேஞ்சுகளில் "லைன் மாட்டிக்கொண்டது" என்று வரும் புகார்களில் பெரும்பகுதி இதுதான்.

திருப்புளியின் கேட்வேயில் லூப் துண்டிப்பு என்று ஓர் அமைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். அதை இயக்கி 500 மில்லிசெகண்ட் போல வையுங்கள். ஹோல்டு நிலையில் 250-க்கு மேல் கரண்ட் இல்லையென்றால் ரிலேயை விட்டுவிடட்டும். மிகக் குறுகிய துண்டிப்புக்கெல்லாம் விட்டுவிடக் கூடாது. சில எக்ஸ்சேஞ்சுகளில் கால் வெயிட்டிங் டோனைச் செருகும்போதும் லூப் ஒரு கணம் அறுபடும், பாவம் காத்திருந்தவர் அறுந்துபோவார்.

மணி பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாரும் கேட்காவிட்டாலும். வட அமெரிக்க முறையில் ரிங்கிங் 2 நொடி அடித்து 4 நொடி ஓயும். பிரிட்டிஷ் வழி வந்த முறையில் 0.4 நொடி, 0.2 இடைவெளி, மறுபடி 0.4, அப்புறம் 2 நொடி ஓய்வு. விளக்கு இந்த ஓய்வில் அணையக் கூடாது, தொடர்ந்து சிமிட்ட வேண்டும். எனவே கடைசி ரிங்கிங்குக்குப் பிறகு, ஓய்வைவிடக் கொஞ்சம் அதிகமான நேரத்துக்கு நினைவு வைத்துக்கொள்ள வேண்டும். 4 நொடி ஓய்வென்றால் 6 நொடி. அதை 20 ஆக்கினால் அழைத்தவர் விட்டுப்போன பிறகும் விளக்கு சிமிட்டி, எடுத்தால் டயல் டோன் வரும்.

திருப்புளி

இப்போது எல்லா விளக்கும் எல்இடியாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். சிமிட்டல் வேகம் எவ்வளவு வைப்பது?

ரிலேராணி

அழைப்புக்கு நிமிடத்துக்கு 60: அரை நொடி எரிந்து அரை நொடி அணையும். ஹோல்டுக்கு நிமிடத்துக்கு 120: 0.45 நொடி எரிந்து 0.05 நொடி மட்டும் அணையும். ஹோல்டு வேகமாகத் துடித்தாலும் பத்தில் ஒன்பது பங்கு நேரம் எரிந்துகொண்டே இருப்பதால் தூரத்தில் இருந்து பார்த்தால் பிஸி விளக்கு போலத்தான் தெரியும். கண்ணை இழுக்காது, ஆனால் உற்றுப் பார்த்தால் அடையாளம் தெரியும். அழைப்பு மட்டும்தான் அறையின் மறுகோடியில் இருந்தும் கூப்பிடும். எந்தச் சேதி எவ்வளவு அவசரம் என்பதை அணைந்திருக்கும் நேரத்தின் பங்கை வைத்தே சொல்லியிருக்கிறார்கள். நிறம் கூட மாற்றவில்லை.

எல்இடியில் ஒரு வித்தியாசம் வரும். இழை விளக்கு 50 மில்லிசெகண்டில் முழுதாக அணையாது, மங்கி எழும். எல்இடி வெட்டியது போல அணையும், ஹோல்டு மினுக்கல் எரிச்சலாகத் தெரியும். பெட்டியில் இருந்து பல்ஸ் அகலத்தைக் குறைத்துக் கூட்டி 30, 40 மில்லிசெகண்டில் இறக்கி ஏற்றுங்கள். இன்னும் 10 வோல்ட் ஏசியிலேயே ஓட்டுவதாக இருந்தால் எல்இடிக்கு எதிர்த்திசையில் ஒரு டையோடு கட்டாயம். உச்சம் 14 வோல்ட்டைத் தொடும், எல்இடி தலைகீழாக 5 வோல்ட்டைத் தாங்கினாலே பெரிது.

பிட்டும்பைட்டும்

சரி, தோற்றேன். ஆனால் ஒன்று: மேசைக்கு 25 ஜோடி என்பதை யாரும் நியாயப்படுத்த முடியாது. அதைக் குறைக்க வழியே தெரியாமலா இருந்தார்கள்?

செப்புச்சுருள்

நியாயப்படுத்த வேண்டாம், மேல்தளத்துக்கு இழுத்த தோளுக்குத் தெரியும் அதன் எடை. 1960-களில் போனுக்குள் மூளை வைக்க வழியில்லை. ஆகவே ஒவ்வொரு விளக்குக்கும் ஒவ்வொரு பொத்தானுக்கும் தனிக் கம்பி. மைக்ரோபிராசசர் மலிவானதும் கம்பி சரிந்தது. 1980-களில் ஏடி அண்ட் டி மெர்லின் நான்கு ஜோடிக்கு வந்தது. பானாசோனிக் கேஎக்ஸ்-டி வகைகள் இரண்டு ஜோடி: நடு ஜோடியில் சாதாரண அனலாக் பேச்சு, வெளி ஜோடியில் பொத்தானும் விளக்கும் பேசிக்கொள்ளும் டேட்டா. அதனால் அந்தப் போர்ட்டில் நடு ஜோடியை மட்டும் எடுத்துச் சாதாரண போனையும் மாட்டலாம், இது பெரிய வசதி. நார்த்தர்ன் டெலிகாம் நார்ஸ்டார் ஒரே ஜோடியில் எல்லாவற்றையும் டிஜிட்டலாக அனுப்பியது. அங்கே சாதாரண போனை நேராக மாட்ட முடியாது.

விலை என்னவென்றால், ஒரு நிறுவனத்தின் போன் இன்னொன்றின் பெட்டியில் வேலை செய்யாது. 1ஏ2-இல் யார் செய்த போனானாலும் டிப், ரிங், ஏ-லீட், விளக்கு. அதனால்தான் திருப்புளி அட்டை இல்லாமலே ஒரு பெட்டி கட்ட முடிகிறது. வெளி ஜோடி டேட்டாவை யாரும் வெளியிடாத ஒரு போனை வைத்துக்கொண்டு இதே வேலையைச் செய்திருந்தால் இன்னும் ஆசிலோஸ்கோப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

திருப்புளி

உண்மைதான் அண்ணா. கடைசியாக ஒன்று. மின்சாரம் போனால் என் பெட்டி செத்துவிடும். கேட்வேக்கு யுபிஎஸ் இருக்கிறது, என் பெட்டிக்கு இல்லை. குறைந்தது ஒரு போனாவது வேலை செய்ய வேண்டும்.

செப்புச்சுருள்

பேச்சு ஜோடி உங்கள் பெட்டியின் ரிலே காண்டாக்ட் வழியாகப் போகிறதா, அல்லது ரெசிஸ்டரை மட்டும் ரிலே குறுக்கே போடுகிறதா?

திருப்புளி

ரெசிஸ்டரை மட்டும். பேச்சு ஜோடி ஆப்டோ வழியாக நேராகப் போனுக்குப் போகிறது.

செப்புச்சுருள்

அப்படியானால் மின்சாரம் போனாலும் எல்லாப் போனிலும் பேசலாம், வெளியே டயல் செய்யலாம். ஹோல்டும் விளக்கும் மட்டும் இருக்காது. மின்சாரம் போகும் கணத்தில் ஹோல்டில் இருந்த அழைப்பு அறுபடும், அதற்கு வழியில்லை. உள்ளே வரும் அழைப்பு தெரிய, முதல் லைனின் டிப்-ரிங்கில் ஒரே ஒரு சாதாரண மணியை, ஆப்டோவுக்கு முன்னால், கேட்வே பக்கமாக இணையுங்கள். அங்கே இணைத்தால் ரிங்கிங் கரண்ட் உங்கள் உணரி வழியாகவும் போகாது. மணியோடு தொடராகக் கெப்பாசிட்டர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் டிசி ஓடி, லைன் எப்போதும் எடுத்தபடியே கிடக்கும்.

திருப்புளி

மணிக்குள் கெப்பாசிட்டர் இருக்கிறது, பார்த்துவிட்டேன். இன்று இரவு இணைக்கிறேன். லூப் உணரியும் ஹோல்டு முடிவும் உள்ள மென்பொருள் பகுதியைச் சுத்தம் செய்து இதே இழையில் போடுகிறேன், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.